நியூட்ரோஃபிலில் கால்சியமும் சுரப்பும்: அளப்பது எப்படி?

பிரித்தெடுத்த நியூட்ரோஃபில் வெள்ளையணுக்களைக் கண்ணாடிக் குழாயில் வைக்காதீர்கள். ஒட்டிக்கொண்டு, நாம் தூண்டும் முன்பே விழித்துவிடும். நான் பாலிபுரொப்பிலீன் குழாய்தான் எடுப்பேன். கால்சிய அளவைக் காட்டும் ஃபியூரா-2 ஏஎம் என்ற ஒளிரும் சாயத்தை 1–2 மைக்ரோமோலார் அளவில், இருட்டில் அரைமணி நேரம் ஏற்றி, மெதுவாகக் கழுவுங்கள். 340, 380 நானோமீட்டரில் மாறிமாறி ஒளியூட்டி, செல்கள் வெளிவிடும் ஒளியை 510 நானோமீட்டரில் பதியுங்கள்.

நியூட்ரோஃபிலைத் தூண்டும் பெப்டைடான எஃப்எம்எல்பி சேர்த்ததும், கால்சியத்தைக் காட்டும் 340/380 விகிதம் சட்டென ஏறி, மெல்ல இறங்கும். அந்த முதல் ஏற்றம் பெரும்பாலும் செல்லின் உள்சேமிப்பிலிருந்து வருவது. நீடித்து நிற்கும் பகுதிக்கு வெளிக்கால்சியம் வேண்டும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இஜிடிஏ கலந்த, கால்சியமற்ற கரைசலில் மறுபடி செய்தால் இரண்டும் பிரிந்து தெரியும். இந்தப் படியை மட்டும் விட்டுவிடவே கூடாது.

சுரப்பை அளக்க, செல்லின் ஆக்டின் இழைகளைக் குலைக்கும் சைட்டோகலாசின் பி-யை, தூண்டும் முன்பே கொடுங்கள். இல்லாவிட்டால் நியூட்ரோஃபிலின் துகள்களில் உள்ள எலாஸ்டேஸ் நொதி சொற்பமாகத்தான் வெளிவரும். செல்களைச் சுழற்றிப் படியவைத்தபின் மேலே நிற்கும் திரவத்தில் வந்ததை, டிரைட்டன் என்ற சோப்புப்பொருளால் உடைத்த செல்களின் மொத்த எலாஸ்டேஸில் சதவீதமாகக் கணக்கிடுங்கள்.