மலையகக் குளிர்காலத்தில் வீட்டு மரக்கறித் தோட்டம்

டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான குளிர்காலத்தில் மலையகத்தில் மரக்கறி பயிரிட விரும்புபவர், விதைக் கடைக்குப் போவதற்கு முன் தமது நிலம் எவ்வளவு உயரத்தில், சரிவின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் மீற்றர் உயரம் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறைகிறது. ஆகவே, சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏற்ற முறை, அதைவிட ஏறக்குறைய 600 மீற்றர் தாழ்ந்திருக்கும் ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ அப்படியே பொருந்தாது. மழையும் ஒரே மாதிரி பெய்வதில்லை. பதுளைப் பக்கத்தில் வடகீழ்ப் பருவ மழை டிசம்பரில் கொட்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்திலோ ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மண் காய்ந்துபோய், பீலித் தண்ணீரைச் சுமந்து ஊற்ற வேண்டியிருக்கும்.

தேயிலை இருந்த நிலத்திலும் லயத்தைச் சுற்றியுள்ள நிலத்திலும் முதலில் கவனிக்க வேண்டியது மண்ணின் புளிப்பு. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் பயிர். அதற்குத் தொடர்ந்து இட்ட நைதரசன் உரங்களும் மண்ணை மேலும் புளிக்க வைத்திருக்கும். அந்த மண்ணில் பீட்ரூட் கிழங்கு பெருக்காது. கோவாவின் வேர்கள் கட்டிகட்டியாக வீங்கி, செடி நண்பகலில் வாடும். இந்த வேர் வீக்க நோய் ஒருமுறை புகுந்துவிட்டால் பல ஆண்டுகள் மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால், வருமுன் தடுப்பதே வழி. முள்ளுக் கருவியால் மண்ணை ஓரடி ஆழம் கிளறி, கற்களைப் பொறுக்கிய பின், ஒரு சதுர மீற்றருக்கு 100 முதல் 200 கிராம் வரை, புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூளான டொலமைட்டைத் தூவிக் கலந்து, இரண்டு மூன்று கிழமைகள் விட வேண்டும். மக்கிய மாட்டெருவையோ கூட்டெருவையோ அதன் பிறகுதான் சேர்க்க வேண்டும். டொலமைட்டையும் எருவையும் ஒன்றாகக் கொட்டினால் எருவிலுள்ள நைதரசன் காற்றோடு போய்விடும். அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும் என்பதால், டொலமைட் இட்ட பாத்தியில் அதை அள்ளிக் கொட்டக்கூடாது.

பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே, அரையடி உயர்த்திப் போட்டு, மேற்புறத்தில் மழைநீர் ஓட ஒரு கான் வெட்ட வேண்டும். இடம் போதவில்லை என்று வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டுவதை நான் எவருக்கும் சொல்லமாட்டேன். நான்கு கோவாவுக்காக மண்சரிவை வரவழைத்துக்கொள்வதில் பொருளில்லை.

உயரமான இடங்களில் உண்மையான சோதனை, இலைமேல் உறைந்து படியும் துகள் பனி. பகல் முழுவதும் நல்ல வெயில், மாலையில் மேகமில்லாத வானம், காற்றில்லாத இரவு ஆகிய மூன்றும் ஜனவரியிலோ பெப்ரவரியிலோ ஒன்றுசேர்ந்தால் மறுநாள் விடியலில் பனியை எதிர்பார்க்கலாம். ஆளுயரத்தில் காற்று 3 பாகையாக இருக்கும்போதே தரையை ஒட்டிய இலைகள் உறைநிலைக்குக் கீழே போய்விடக்கூடும். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் ஓடைக்கரைப் பாத்தியில் போஞ்சி கருகிக் கிடக்க, அதற்குச் சற்று மேலே உள்ள பாத்தியில் அது பச்சையாகவே நிற்பதுண்டு. போஞ்சி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகிய மூன்றும் பனி தாங்காதவை. அவற்றைச் சரிவின் நடுப்பகுதியில் நட்டு, பள்ளத்தைக் கோவாவுக்கும் லீக்ஸுக்கும் விட்டுவிட வேண்டும்.

பனி வரும் அறிகுறி தெரிந்த நாளில் முற்பகலிலேயே பாத்தியை நன்றாக நனைத்தால், ஈரமண் பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவில் மெதுவாக விடும். மாலையில், மண் ஆறுவதற்கு முன், குச்சிகள் நட்டு அவற்றின் மேல் பழைய சேலையையோ பிரித்துத் தைத்த உரப்பைகளையோ தரைவரை தொங்கும்படி விரிக்க வேண்டும். நாற்றுமேடைக்கு மானாப்புல் பந்தலே போதும். பொலித்தீன் இலையில் படும் இடம் கருகும் என்பதால், அதை இலையில் தொடாமல் உயர்த்திக் கட்ட வேண்டும். மூடாத பாத்தியில் பனி விழுந்திருந்தால், வெயில் ஏறுவதற்கு முன்பே பூவாளியால் தண்ணீர் தெளித்து அதைக் கழுவிவிட வேண்டும்.

இனி பயிர்கள். கரட்டையும் ராபுவையும் பிடுங்கி நடாமல் நேரடியாகவே விதைக்க வேண்டும்; புது எருவும் கல்லும் உள்ள மண்ணில் கரட் கிளைத்துவிடும். கரட் விரலளவு வளர்ந்ததும் செடிக்குச் செடி இரண்டு மூன்று அங்குலம் இருக்கும்படி இடையிலுள்ளவற்றைப் பிடுங்கிக் கலைக்க மனம் வர வேண்டும். பலர் இரக்கப்பட்டு விட்டுவிட்டு, பிறகு நூல் போன்ற கிழங்குகளையே பிடுங்குகிறார்கள். லீக்ஸ் நாற்றுக்கு இரண்டு மாதமளவு ஆகும் என்பதால், ஒக்டோபரில் விதைக்காதவர்கள் நாற்று வாங்கி நடுவதே நல்லது. அதை அரையடி ஆழச் சாலில் நட்டு, வளர வளர மண் அணைத்தால் வெள்ளைத் தண்டு நீளும். கோவா நாற்றை நான்கைந்து கிழமைகளில் ஒன்றரை அடி இடைவெளியில் நடலாம். கோவா, நோக்கோல், ராபு மூன்றும் ஒரே குடும்பம்; ஒன்றை எடுத்த பாத்தியில் மற்றொன்றை நடாமல் கரட், லீக்ஸ் அல்லது போஞ்சிக்கு மாற்ற வேண்டும்.

மூடுபனி நாட்கணக்கில் நிற்கும்போது உருளைக்கிழங்கு இலைகளில் கருகல் பரவும். மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, புள்ளி விழுந்த இலைகளை எருக்குழியில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால், எந்த மருந்தை எவ்வளவு அடிப்பது என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். கோவாவின் இலையடியில் உள்ள பச்சைப் புழுக்களைக் காலையில் கையாலேயே பொறுக்கிவிடலாம். சலாதை வேரோடு பிடுங்காமல் வெளி இலைகளை மட்டும் கிள்ளி எடுத்து, ராபுவை இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு வரிசை வீதம் விதைத்து வந்தால், கோவா முற்றும் வரை சமையலறைக்கு மரக்கறி வந்துகொண்டிருக்கும்.