மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலர் மக்கர் செய்கிறதா? கோளாறு எங்கே என்று பிடிப்பது எப்படி

பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம், கண்டபடி எகிறுகிறது, அல்லது ஏறவே மாட்டேன் என்கிறது, அல்லது கியர் மாற்றியதும் சற்று நேரம் தூங்கிவிடுகிறது. எதுவானாலும் எல்லோருடைய கையும் முதலில் போவது கன்ட்ரோலரின் திருகுக்குத்தான். அங்கே கை வைக்காதீர்கள். பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் கோளாறு வேறெங்கோ இருக்கும்; திருகைத் திருப்பி அதை மூடி மறைத்துவிட்டால் பிறகு கண்டுபிடிப்பது இரட்டை வேலை.

எண்களைத் தெளிவாகச் சொல்வதற்காக ஒரே எஞ்சினை எடுத்துக்கொள்வோம்: நிசான் சில்வியா எஸ்13, 180எஸ்எக்ஸ் கார்களில் வந்த எஸ்ஆர்20டெட், டி25 டர்போவோடு. தொழிற்சாலை பூஸ்ட் ஏறக்குறைய 0.5 பார், அதாவது 7 பி.எஸ்.ஐ. டர்போவுக்குள்ளேயே வேஸ்ட்கேட் கதவு (மிஞ்சும் எக்ஸாஸ்டை வெளியே விடும் கதவு) இருக்கும் மற்ற பெட்ரோல் கார்களுக்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும். வேக்குவத்தில் இயங்கும் விஜிடி (உள்ளே இறக்கைகளின் கோணம் மாறும்) டீசல் டர்போவுக்கும், மோட்டார் வைத்த எலக்ட்ரிக் ஆக்சுவேட்டருக்கும் இந்தக் கருவியே பொருந்தாது.

முதலில் உள்ளே நடப்பது என்னவென்று பார்ப்போம். டர்போவின் கம்ப்ரெசர் மூடியில் உள்ள சிறு நிப்பிளிலிருந்து ஒரு ஹோஸ் வழியாக அழுத்தம் ஆக்சுவேட்டருக்கு (வேஸ்ட்கேட்டை இயக்கும் டப்பா) போகிறது. ஆக்சுவேட்டரின் ரப்பர் டயஃப்ரம் தண்டைத் தள்ள, வேஸ்ட்கேட் திறந்து, எக்ஸாஸ்டின் ஒரு பகுதி டர்பைனைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. கன்ட்ரோலர் இந்த ஹோஸின் நடுவில் உட்காரும் சிறு தடை. உள்ளே ஒரு பந்து, அதை அழுத்தும் ஒரு ஸ்ப்ரிங், அவ்வளவுதான். திருகை இறுக்கினால் பந்து தாமதமாகத் திறக்கும், வேஸ்ட்கேட்டும் தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் கூடும். ஆகவே கன்ட்ரோலரால் பூஸ்டைக் கூட்ட மட்டுமே முடியும். ஆக்சுவேட்டர் ஸ்ப்ரிங் 7 என்றால், திருகை முழுக்கத் தளர்த்தினாலும் 7க்குக் கீழே வராது. 5 பி.எஸ்.ஐ. வேண்டுமென்று திருகோடு மல்லுக்கட்டுபவர்கள் இன்றும் உண்டு.

இதிலிருந்து கிடைக்கும் ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பெரிய குழாயில் கசிவு என்றால் பூஸ்ட் குறையும் அல்லது மெதுவாக ஏறும். ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன ஹோஸில் கசிவு என்றால் பூஸ்ட் கூடும். சின்ன ஹோஸ் முழுவதும் கழன்றுவிட்டால் வேஸ்ட்கேட் திறக்கவே திறக்காது, பூஸ்டுக்கு உச்சவரம்பே கிடையாது.

கன்ட்ரோலர் இல்லாமல் ஒரு ஓட்டம்

கன்ட்ரோலரைக் கழற்றி வைத்துவிட்டு, நிப்பிளிலிருந்து ஆக்சுவேட்டருக்கு ஒரே துண்டு ஹோஸை நேராக மாட்டுங்கள். உள்விட்டம் 4 மி.மீ. சிலிக்கோன் ஹோஸ் போதும். இரு முனைக்கும் கிளாம்ப் அவசியம். பூஸ்ட் கேஜுக்கான இணைப்பு த்ராட்டிலுக்குப் பின்னால் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து தனியாக வரவேண்டும், ஆக்சுவேட்டர் ஹோஸில் 'டி' போட்டு எடுக்கக்கூடாது. எஞ்சின் நன்றாகச் சூடானபின் டைனோவிலோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் உருளை மேடை) மூடிய டிராக்கிலோ மூன்றாம் கியரில் 2500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, கேஜைப் பாருங்கள். முதல் இரண்டு கியர்களில் எஞ்சினுக்குச் சுமை போதாது, பூஸ்ட் முழுதாக எழாது. அங்கே பார்த்த எண்ணை நம்ப வேண்டாம்.

முள் 7க்கு வந்து அங்கேயே நின்றால் டர்போ, ஆக்சுவேட்டர், குழாய்கள் எல்லாம் நலம். இனி கன்ட்ரோலரைச் சந்தேகிக்கலாம்.

7ல் நிற்காமல் ஆர்பிஎம் ஏற ஏற 9, 10, 12 என்று பூஸ்டும் ஊர்ந்து ஏறினால் அது பூஸ்ட் க்ரீப். வேஸ்ட்கேட் முழுக்கத் திறந்தும் அந்த ஓட்டை வழியாகப் போகக்கூடிய அளவைவிட எக்ஸாஸ்ட் அதிகம். பெரிய டவுன்பைப்பும் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்) தடையில்லாத சைலன்சரும் போட்டபின் வரும் வியாதி இது. எந்தக் கன்ட்ரோலரும் இதைத் தீர்க்காது. டர்போவை இறக்கி வேஸ்ட்கேட் ஓட்டையைக் கடைந்து பெரிதாக்க வேண்டும், கதவும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

7ஐத் தொடவே இல்லை என்றால் கசிவுச் சோதனைக்குப் போங்கள். டர்போவின் வாய்க்கு ஒரு மூடி செய்து டயர் வால்வு பொருத்தி, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெசரால் 10 பி.எஸ்.ஐ. வரை காற்றை மெதுவாக ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் அடியுங்கள். பிசிவி (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் வால்வு) வழியாக கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் போகாதபடி அந்த ஹோஸை அடைத்து, ஆயில் மூடியைத் திறந்து வைப்பது முக்கியம். மறந்தால் ஆயில் சீல் போய்விடும். இந்த எஞ்சின் உள்ளே வரும் காற்றை முன்னாலேயே மீட்டரில் அளந்து பெட்ரோல் ஊற்றுகிறது. அளந்த காற்று வழியில் கசிந்துவிட்டால் பெட்ரோல் மிஞ்சும். ஆகவே பூஸ்ட் குறைவோடு கரும்புகையும் வந்தால் கசிவு என்று ஏறக்குறைய முடிவே கட்டலாம். இன்டர்கூலர் கிளாம்புகளும், காலை எடுக்கும்போது மிஞ்சும் பூஸ்டைத் திருப்பிவிடும் பழைய ரீசர்குலேஷன் வால்வும்தான் வழக்கமான இடங்கள்.

கசிவும் இல்லையா? கையால் இயக்கும் பிரஷர் பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டுங்கள். 0.5 பார் அக்கம்பக்கத்தில் தண்டு அசையத் தொடங்க வேண்டும். அழுத்தத்தை ஒரு நிமிடம் அப்படியே விட்டால் முள் இறங்கக்கூடாது. இறங்கினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. கிழிந்த டயஃப்ரம் பூஸ்டை ஏற்றிவிடும், குறைக்காது. மிகக் குறைந்த அழுத்தத்திலேயே தண்டு நகர்ந்தால் ஸ்ப்ரிங் சோர்ந்துவிட்டது அல்லது தண்டின் நீளம் தவறு. கிளிப்பைக் கழற்றி, வேஸ்ட்கேட் கையை மூடிய நிலையில் பிடித்துப் பாருங்கள். தண்டின் நுனித் துளை, வேஸ்ட்கேட் கையிலுள்ள ஆணிக்கு 1 முதல் 2 மி.மீ. எட்டாமல் நிற்க வேண்டும், சற்று இழுத்துத்தான் மாட்ட வேண்டும். தளர்வாகப் போய் விழுந்தால் எக்ஸாஸ்ட் அழுத்தமே கதவைத் திறந்துவிடும்; பூஸ்ட் ஏறி, மேல் ஆர்பிஎம்மில் சரியும்.

இப்போது கன்ட்ரோலர்

மாட்டிய திசையை முதலில் பாருங்கள். பந்து உள்ள பக்கம் டர்போவை நோக்கி, பக்கவாட்டு நிப்பிள் ஆக்சுவேட்டரை நோக்கி. பெரும்பாலானவை இப்படித்தான், ஆனாலும் உடம்பில் குறித்திருக்கும் அம்புக்குறியே கடைசி வார்த்தை. தலைகீழாக மாட்டினால் பூஸ்டே பந்தை அதன் இருக்கையில் (பந்து உட்கார்ந்து அடைக்கும் விளிம்பில்) அழுத்தி அடைத்துவிடும். முதல் மிதியிலேயே முள் எல்லையைத் தாண்டும்.

அடுத்தது, பலர் கவனிக்காமலே விடும் ஒன்று: ஆக்சுவேட்டர் பக்கத்தில் குத்தியிருக்கும் 1 மி.மீ. அளவுள்ள ஊசி ஓட்டை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பந்து மூடிக்கொள்ளும். அப்பால் சிக்கிய அழுத்தம் வெளியேற இந்த ஓட்டை ஒன்றுதான் வழி. தூசியும் எண்ணெய்ப்பிசுக்கும் சேர்ந்து இது அடைபட்டால், கியர் மாற்றியபின் வேஸ்ட்கேட் அரைத்திறப்பிலேயே நிற்கும். முந்தைய கியரில் நன்றாக ஏறிய பூஸ்ட் அடுத்த கியரில் மந்தமாவது இதனால்தான். மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். "காற்று கசிகிறதே" என்று சீலன்ட் வைத்து அடைத்தவர்கள் உண்டு. அது கசிவு இல்லை, வேலை.

பூஸ்ட் நிலைக்காமல் முள் நடுங்கினால் கன்ட்ரோலரைப் பிரியுங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, திருகைச் சுற்று எண்ணியபடி கழற்றினால் ஸ்ப்ரிங்கும் பந்தும் கையில் விழும். இருக்கையின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே அடிக்கடி தென்படுவது வெள்ளைநூல் போன்ற டெஃப்லான் டேப் துணுக்கு. நிப்பிள் மரையில் சுற்றும்போது முதல் மரையையும் சேர்த்துச் சுற்றியதால் பிய்ந்து உள்ளே போனது. முடி அளவு துணுக்கு போதும், பந்து முழுக்க உட்காராது. அழுத்தம் முன்கூட்டியே கசிந்து, வேஸ்ட்கேட் சீக்கிரம் திறந்து, டர்போ சோம்பலாக எழும். கார்ப் கிளீனரால் கழுவி, காற்றடித்து உலர்த்துங்கள். பந்தில் குழி விழுந்திருந்தால் அதே அளவு துருப்பிடிக்காத பந்தாக மாற்றுங்கள். எண்ணெய் போடக்கூடாது, தூசி ஒட்டும்.

திருகை எவ்வளவு இறுக்கினாலும் பூஸ்ட் அசையவில்லையா? பழைய 'டி' இணைப்பு எங்கோ விட்டுப்போய், கன்ட்ரோலரைச் சுற்றி அழுத்தம் ஆக்சுவேட்டருக்குப் போகிறது. ஹோஸை விரலால் தொட்டபடியே முனை முதல் முனை வரை பின்தொடருங்கள்.

பூஸ்ட் ஒரு நொடி எகிறிப் பின் இறங்கி நின்றால் அது ஸ்பைக். ஹோஸ் நீளம்தான் பெரும்பாலும் காரணம். டிரைவர் கையெட்டும் தூரத்துக்குக் கன்ட்ரோலரைக் கொண்டுவந்து இரண்டு மீட்டர் ஹோஸ் போடுவது வசதிதான், ஆனால் அத்தனை ஹோஸும் நிறைந்த பிறகுதான் வேஸ்ட்கேட்டுக்குச் செய்தி போகும். டர்போவுக்குப் பக்கத்திலேயே, எக்ஸாஸ்ட் சூடு படாத இடத்தில் வையுங்கள்.

திரும்ப மாட்டும்போது திருகை முழுக்கத் தளர்த்தித் தொடங்குங்கள். ஒரு முறைக்கு அரைச்சுற்று, 10 பி.எஸ்.ஐ. தாண்டியபின் கால்சுற்று. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு முழு மிதி, பின் லாக் நட். டி25க்கும் தொழிற்சாலை 370 சிசி இன்ஜெக்டருக்கும் 12 பி.எஸ்.ஐ. போதும், அதற்கு மேல் டர்போ சூடான காற்றைத்தான் தரும். எக்ஸாஸ்டில் பொருத்தி காற்று–பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரில் முழு மிதியில் காற்று–பெட்ரோல் விகிதம் 11.5 பக்கம் இருக்க வேண்டும், 12.5ஐத் தாண்டினாலோ நாக்கிங் (கலவை நேரம் தவறி வெடிக்கும் தட்டல் சத்தம்) கேட்டாலோ உடனே காலை எடுங்கள். ஜப்பானின் உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கு டியூன் செய்த எஞ்சின் இது. மலேசியாவில் ஓட்டுபவர்கள் 95ஐ விட்டு 97 போடுவது நல்லது. சாதா 91ல் பூஸ்டைக் கூட்டவே வேண்டாம்.

பூஸ்ட் ஏறும்போது வண்டியை யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் ஒரே வெட்டாக விழுந்தால் அது ஃப்யூல் கட், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எஞ்சினைக் காப்பாற்றுகிறது, பூஸ்டைக் குறையுங்கள். படபடவென்று திணறினால் ப்ளக்கில் தீப்பொறி அணைகிறது. 1.1 மி.மீ. இடைவெளியை 0.8 ஆக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

தொழிற்சாலை பூஸ்ட் சொலினாய்டு (மின்சாரத்தில் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) உள்ள கார்களில் அதன் ஹோஸை மட்டும் மாற்றுங்கள், மின் பிளக்கைக் கழற்றாதீர்கள். கழற்றினால் ஓபிடி2 (கோளாறைக் குறியீடாகக் காட்டும் அமைப்பு) உள்ள கார்களில் பி0243 என்ற பிழைக்குறியீடு வந்து எஞ்சின் விளக்கு எரியும். பி0234 என்றால் பூஸ்ட் அதிகம், பி0299 என்றால் பூஸ்ட் போதவில்லை.

எஞ்சின் சூட்டில் சின்ன ஹோஸ் விறைத்து முனையில் வெடிக்கும். ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் முனைகளை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அந்த முனையை மட்டும் வெட்டிச் சமாளிக்காமல் முழு ஹோஸையும் மாற்றிவிடுங்கள்.