பட்டிங் கிரீன் போடுகிறீர்களா? முதலில் வாட்டம் பாருங்கள்

காட்பாடி பக்கம் வீட்டையொட்டிக் காலி இடம் இருந்து, அதில் சின்னதாக ஒரு கோல்ஃப் பட்டிங் கிரீன் (பந்தை உருட்டிக் குழியில் விழவைக்கும் புல்தரை) போட நினைப்பவர்களுக்கு இது.

தரையை ஒரே மட்டமாக்கிவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிப் புல் அழுகிவிடும். குழி வைக்கும் இடத்தில் 2 சதவீத வாட்டம் அருமையாக இருக்கும். அதாவது ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இறக்கம். கொத்தனார் மொட்டை மாடிக்கு மட்டம் பார்க்கிற டியூப் லெவலே இதற்குப் போதும். குழியைச் சுற்றி 3 அடிக்கு அந்த வாட்டம் மாறாமல் இருக்கட்டும். அங்கே மேடு பள்ளம் வேண்டாம்.

புல்லை எவ்வளவு ஒட்ட வெட்டப் போகிறீர்கள் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒட்ட வெட்டினால் பந்து வேகமாக ஓடும். கொஞ்சம் வளர்ந்த புல்லில் 4 சதவீத வாட்டத்திலும் நிற்கும் பந்து, ஒட்ட வெட்டிய புல்லில் நிற்காமல் கீழே போய்விடும்.

அப்புறம், மேடுகள் நீளமாக, மெதுவாக ஏறி இறங்க வேண்டும். கூர்மையான மேடு என்றால் மெஷின் உச்சியில் புல்லை அடியோடு சிரைத்துவிடும். வேலூர் வெயிலுக்கு அந்த இடம் உடனே காய்ந்துபோகும். தண்ணீர் வெளியேற இரண்டு பக்கமாவது வழி விடுங்கள்.

மண் வேலை முடிந்ததும், புல் நடுவதற்கு முன் ஹோஸைத் திறந்துவிட்டுப் பாருங்கள். தண்ணீர் நிற்கிற இடத்தை அப்போதே மண் போட்டுச் சரிசெய்வது சுலபம்.