எண்ணெய்த் தேடலில் தரவு எப்படிக் கெட்டுப்போகிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணெய் தேடும் நிறுவனத்தில் தரவு தொலைந்துபோவது என்றதும் சர்வர் எரிவதும் யாரோ உள்ளே புகுந்து திருடுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதெல்லாம் அபூர்வம். பெரும்பாலும் கோப்பு பத்திரமாகவே இருக்கும், திறந்தால் எண்களும் வரும். அந்த எண்ணை எந்த அலகில், எங்கிருந்து, எந்தக் கிணற்றில் அளந்தார்கள் என்கிற விவரம்தான் காணாமல் போயிருக்கும். கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரே வேரிலிருந்து முளைப்பவை.

ஆழம் சரி, எங்கிருந்து அளந்தது?

கிணற்றின் ஆழத்தைப் பெரும்பாலும் ரிக்கின், அதாவது துளையிடும் கோபுரத்தின், தளத்திலிருந்து அளப்பார்கள். அந்தத் தளத்தில் உள்ள பாகங்களின் பெயரால் கெல்லி புஷிங், ரோட்டரி டேபிள் என்று லாக்கின் (கிணற்றில் ஆழவாரியாக எடுத்த அளவீட்டுப் பதிவின்) தலைப்புப் பகுதியில் குறித்திருக்கும். சில லாக்குகள் தரை மட்டத்திலிருந்து தொடங்கும். வரைபடம் போட வேண்டுமானால் எல்லாவற்றையும் கடல் மட்டத்துக்கு மாற்றியாக வேண்டும்.

இரண்டு கிணறுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் தரை கடல் மட்டத்துக்கு மேல் 40 மீட்டர், ரிக் தளம் தரைக்கு மேல் 9 மீட்டர். முதல் கிணற்றில் மணற்கல் அடுக்கு 2,150 மீட்டரில் தொடங்குகிறது, ரிக் தளத்திலிருந்து அளந்தது. இரண்டாவதில் 2,141 மீட்டர், தரையிலிருந்து அளந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டுமே கடல் மட்டத்துக்குக் கீழே 2,101 மீட்டர்தான். அடுக்கு தட்டையாகக் கிடக்கிறது. ஆனால் யாரோ ஒருவர் எக்செல்லில் ‘ஆழம்’ என்று ஒரே பத்தி போட்டு, இரண்டு எண்களையும் அதில் கொட்டி, எல்லாமே ரிக் தளத்திலிருந்து அளந்தவை என்று எடுத்துக்கொண்டால், இரண்டாவது கிணற்றில் அடுக்கு 9 மீட்டர் மேலே ஏறிவிடும். அங்கே இல்லாத ஒரு மேடு வரைபடத்தில் முளைக்கும். மேடு இருந்தால் அதில் எண்ணெய் தேங்கியிருக்கலாம் என்று மூன்றாவது கிணற்றுக்குத் திட்டம் போட ஒருவர் கிளம்பிவிடுவார்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிணறு தோண்டிய ரிக் போய்விடும். சில வருடம் கழித்துப் பழுதுபார்க்க வரும் ரிக்கின் தளம் வேறு உயரத்தில் இருக்கும். ஒரே கிணற்றின் இரண்டு லாக்குகள் சில மீட்டர் தள்ளி நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சாய்வாகத் தோண்டிய கிணறு என்றால் துளையின் நீளம் ஒன்று, செங்குத்து ஆழம் வேறொன்று. அலகு, அளவு தொடங்கும் இடம், அந்த இடத்தின் உயரம் ஆகிய மூன்றும் இல்லாத எந்த ஆழத்தையும் தரவுத்தளத்துக்குள் விடக் கூடாது என்பது என் கட்சி. கறார்தான், பரவாயில்லை.

இடம் குறிப்பதிலும் இதே கதை

ஆயத்தொலைவுகள் இரண்டு எண்கள்தானே என்று டேட்டம் பெயரை, அதாவது அந்த எண்களைப் பூமியில் எங்கே பொருத்துவது என்று சொல்லும் அடிப்படை முறையின் பெயரை, விட்டுவிடுவது அடுத்த பெரிய தவறு. வட கடலில் ஈ.டி.50 என்ற பழைய ஐரோப்பிய முறையில் குறித்த ஓர் இடத்தை, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ்.84 என்று நினைத்து வரைந்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். பார்வைக்கு இரண்டு எண்களும் ஒரே மாதிரிதான் இருக்கும், சந்தேகமே வராது. இதற்காகவே ஒவ்வொரு முறைக்கும் ஈ.பி.எஸ்.ஜி. எண் என்று ஒன்று இருக்கிறது. இன்று வரைபட மென்பொருள் எல்லாவற்றிலும் புழங்கும் இந்த எண் வரிசையைத் தொடங்கியதே ஐரோப்பிய எண்ணெய்த் துறையின் அளவையாளர்கள்தான். 4230 என்றால் ஈ.டி.50, 4326 என்றால் டபிள்யூ.ஜி.எஸ்.84. நான்கு இலக்கம் கூடுதலாக எழுதுவதில் யாருக்கும் கை வலிக்காது.

1980 நவம்பர் 20 அன்று அமெரிக்காவின் லூசியானாவில் பெனூர் ஏரியில் டெக்ஸகோ எண்ணெய் நிறுவனத்துக்காகத் துளையிட்டுக்கொண்டிருந்த ரிக், ஏரிக்கு அடியில் இயங்கிவந்த உப்புச் சுரங்கத்தைத் துளைத்துவிட்டது. ஏரித் தண்ணீர் சுரங்கத்துக்குள் வடிந்தது, ரிக்கும் சரக்குப் படகுகளும் சேர்ந்தே போயின. சுரங்கத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தப்பினார்கள். ரிக் நின்ற இடத்தைக் கணக்கிட்டதில் ஆயத்தொலைவு முறை மாறிப்போனதுதான் காரணம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். தடயங்களும் ஏரியோடு போய்விட்டதால் அது உறுதியாக நிரூபிக்கப்படவில்லை.

வெற்றிடத்தைப் பூஜ்யத்தால் நிரப்புவது

லாக் தரவைப் பரிமாறிக்கொள்ளும் எல்.ஏ.எஸ். கோப்புகளில் அளவீடு இல்லாத இடத்தில் -999.25 என்று போடுவது வழக்கம். அதைத் தெரியாமல் சராசரியில் சேர்த்தால் நுண்துளைமை (பாறையில் நுண்துளைகளின் பங்கு) மைனஸில் வரும். நல்லது, உடனே பிடிபட்டுவிடும். உண்மையில் பயப்பட வேண்டியது, ‘பார்க்க அசிங்கமாக இருக்கிறது’ என்று யாராவது அதை எடுத்துவிட்டுப் பூஜ்யம் போடுவதைத்தான். ஒன்பது அளவீடுகள் 20 சதவீதம், ஒன்று வெற்றிடம் என்றால் சராசரி 20. வெற்றிடத்தில் பூஜ்யம் போட்டால் 18. பதினெட்டைப் பார்த்து யார் புருவத்தை உயர்த்தப் போகிறார்கள்? எண்ணெய் இருப்புக் கணக்கு வரைக்கும் அப்படியே போய்ச் சேரும்.

நில அதிர்வுக் கோப்பின் தலைப்பு

நிலத்துக்குள் அதிர்வலைகளை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்வதுதான் நில அதிர்வுத் தரவு. அதைச் சேமிக்கும் செக்-வை வடிவத்தில் ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் 3,200 பைட் எழுத்துப் பகுதி உண்டு. வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 40 வரி. தரவை யார், எப்போது, எப்படிப் பதப்படுத்தினார்கள் என்று எழுதத்தான் அந்த இடம். பலர் முந்தைய கோப்பிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டிவிடுகிறார்கள். வடிகட்டி போட்ட கோப்பின் தலைப்பு, வடிகட்டாதது என்று சொல்லிக்கொண்டிருக்கும். காலியாக விட்டிருந்தாலாவது அடுத்தவர் விசாரித்திருப்பார்.

1975இல் வந்த முதல் தரத்தில், சர்வேயின் நெடுக்குக் கோட்டையும் குறுக்குக் கோட்டையும் குறிக்கும் இன்லைன், கிராஸ்லைன் எண்களுக்கென்று நிலையான இடம் கிடையாது. ஆளாளுக்கு வசதிப்பட்ட பைட்டில் வைத்தார்கள். 2002இல் வந்த திருத்தம்தான் 189, 193 என்று இடம் ஒதுக்கியது. பழைய கோப்பைத் திறக்கும்போது மென்பொருள் காட்டும் இடத்தை நம்பாமல் நாமே தேடிப் பார்க்க வேண்டும். அப்புறம் 71ஆவது பைட்டில் உள்ள பெருக்கெண். அங்கே -100 இருந்தால் ஆயத்தொலைவை நூறால் வகுக்க வேண்டும். மறந்தால் சர்வே வேறு கண்டத்துக்கே போய்விடும்.

டேப்பை மட்டும் காப்பாற்றுவது

பழைய காந்த நாடாக்களில் ஈரம் ஏறிப் பசை பிசுபிசுத்துவிடும். மிதமான சூட்டில் காயவைத்த பிறகுதான் படிக்க முடியும். புதிய எல்.டி.ஓ. டேப்புக்கும் ஆயுள் கணக்கு உண்டு. ஏழாம் தலைமுறை வரைக்கும் டிரைவ்கள் இரண்டு தலைமுறை பழையதைப் படித்தன, எட்டாம் தலைமுறை ஒன்றைத்தான் படிக்கும். டேப் இருக்கிறது, படிக்க டிரைவ் இல்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது. ஆகவே நகல் மாற்றும் வேலைக்கு ஆண்டு பட்ஜெட்டில் தனி வரி வேண்டும்.

ஆனால் இதைவிட அதிகம் நடக்கும் விபத்து வேறு. களத்தில் பதிவு செய்த டேப்பைச் செலவழித்துப் புதிய ஊடகத்துக்கு மாற்றுவார்கள். எந்தப் பதிவு எந்த வெடிப்புக்கு உரியது, எது வீணாய்ப்போனது என்று பதிவாளர் கையால் எழுதிய தாள்கள் அலமாரியில் கிடக்கும். அலுவலகம் இடம் மாறும்போது ‘பழைய காகிதம்’ என்று அவை கழிவுக்குப் போகும். பதிவு எடுத்த இடங்களைக் குறித்த வழிநடத்தல் கோப்பும் இல்லையென்றால் அந்த டேப்பில் மிஞ்சுவது எங்கே எடுத்தது என்றே தெரியாத அதிர்வலைகள்தான். தாள்களை ஸ்கேன் செய்து டேப்போடு ஒரே எண்ணில் கட்டிவைக்க ஆகும் செலவு, புதிதாக ஒரு சர்வே எடுப்பதன் பக்கத்தில்கூட வராது.

பெயர்கள், உரிமங்கள், மென்பொருள்

ஒரே கிணறு ஏ-1, ஏ1, ஏ-01 என்று மூன்று பெயரில் இருந்தால் தரவுத்தளம் மூன்று கிணறு என்றே எண்ணும். மாறாத அடையாள எண் ஒன்றும், பழைய பெயர்களின் பட்டியலும் வேண்டும். பக்கவாட்டில் மீண்டும் தோண்டிய துளைக்குத் தனி எண் கொடுங்கள், இல்லாவிட்டால் அதன் லாக்குகள் முதல் துளையோடு கலந்துவிடும்.

விலை கொடுத்து வாங்கிய நில அதிர்வுத் தரவு பெரும்பாலும் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. நிறுவனங்கள் இணையும்போது அது தானாகக் கைமாறாமல் போகலாம். ஒப்பந்தத்தை வழக்கறிஞர் அறையில் பூட்டிவைக்காமல் தரவோடு இணைத்து வையுங்கள்.

குப்பையைச் சுத்தம் செய்யாமல் பெரிய மென்பொருள் வாங்குவது எல்லா நிறுவனங்களிலும் நடக்கிறது. 2018இல் தொடங்கிய ஓ.எஸ்.டி.யூ. போன்ற, எண்ணெய்த் துறைக்கான பொதுத் தரவுத் தளங்கள் உண்மையிலேயே நல்ல முயற்சி. ஆனால் டேட்டம் எழுதாத கிணற்றின் டேட்டத்தை எந்தத் தளமும் ஊகித்துச் சொல்லாது.

பழகிப் பார்க்க விரும்புபவர்களுக்கு, நார்வேயின் ஈக்வினார் நிறுவனம் 2018இல் வட கடலின் வோல்வே எண்ணெய் வயல் தரவைப் பொதுவில் வெளியிட்டது. ஒரு சிறிய வயலுக்கே சுமார் 40,000 கோப்புகள். அதிலிருந்து ஒரே ஒரு கிணற்றை எடுத்து, ஆழம் எங்கிருந்து அளந்தது, எந்த டேட்டம், எத்தனை பெயர் என்று மூல ஆவணத்திலிருந்து தேடி எழுதிப் பாருங்கள். அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனத்தின் பழைய கிணறுகளுக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று மேலிடத்தில் கேட்கும்போது அந்தக் கணக்கு உதவும்.