வேலை பார்த்தது தங்கம்தானா?

தங்க நானோதுகள்களை மின்வினையூக்கியாக (மின்முனையில் நடக்கும் வினையை விரைவுபடுத்தும் பொருளாக) வைத்து ஒடுக்க வினைகளை, அதாவது எலக்ட்ரானை ஏற்கும் வினைகளை, ஆராய்கிறவர்கள் துகளின் அளவுக்கும் வடிவத்துக்கும் மெனக்கெடுவார்கள். மின்கலத்தில் கூடவே இருக்கும் மற்றப் பொருள்களை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஏமாற்றும் முடிவுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதல் சந்தேகம் பிளாட்டினம் கம்பி மேல். தங்கத்தில் ஒடுக்கம் நடக்கும்போது, மின்சுற்றை நிறைவுசெய்யும் துணை மின்முனையில் ஆக்சிஜனேற்றம் நடக்கும். அங்கே இருப்பது பிளாட்டினம் என்றால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, மின்பகுளி (மின்கலத்திலுள்ள மின்கடத்தும் கரைசல்) வழியே வந்து தங்கத்தின் மேல் படியும். ஹைட்ரஜனை வெளியேற்ற அதன் சுவடே போதும். அளக்க அளக்க வினையூக்கி தானாகவே மேம்படுகிறதா? மகிழ வேண்டாம். கிராஃபைட் தண்டுக்கு மாறி, இரு மின்முனைகளின் அறைகளுக்கும் நடுவே அயனிச் சவ்வு வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

கார்பன் டை ஆக்சைடைக் கார்பன் மோனாக்சைடாக்கும் வினையில் தங்கம் பேர் போனது. ஆனால் பைகார்பனேட் உப்பில் ஒளிந்திருக்கும் இரும்பும் துத்தநாகமும் தங்கத்தை மூடத் தொடங்கினால் ஹைட்ரஜன் கூடி, மோனாக்சைடு குறையும். பழி துகளின் மேல் விழும். உப்புக் கரைசலை முன்கூட்டியே மின்னாற்பகுத்துச் சுத்தம் செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அதே கரைசலில் பிஎச் மதிப்பையும் தவறவிடுவார்கள். 0.1 மோலார் பொட்டாசியம் பைகார்பனேட்டின் பிஎச் சுமார் 8.3, கார்பன் டை ஆக்சைடு நிறைந்ததும் 6.8 ஆகிவிடும். பழைய எண்ணையே வைத்து, அளந்த மின்னழுத்தத்தை பிஎச்சைச் சார்ந்த மீள் ஹைட்ரஜன் மின்முனை அளவுகோலுக்கு மாற்றிக் கணக்கிட்டால், பிஎச் அலகுக்கு 59 மில்லிவோல்ட் வீதம், சுமார் 90 மில்லிவோல்ட் பிசகும்.

துகள்களைச் சேராமல் காக்கும் சிட்ரேட்டும் தயால்களும் (கந்தகம் கொண்ட கரிமச் சேர்மங்கள்) வினை நடக்க வேண்டிய இடங்களையும் அடைத்துக்கொள்ளும். சூடாக்கி விரட்டினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும். ஆகவே வினைக்கு முன் எடுத்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் மட்டும் போதாது, பின்பும் ஒன்று வேண்டும். மின்னோட்ட அடர்த்தியை மின்முனையின் வெளித்தோற்றப் பரப்பால் (நீள அகலப் பரப்பால்) வகுத்து இரு வினையூக்கிகளை ஒப்பிடுவதும் வீண். தங்க ஆக்சைடு ஒடுங்கும் மின்னூட்டத்திலிருந்து உண்மைப் பரப்பைக் கணக்கிடலாம். அதைக் குளோரைடு உள்ள கரைசலில் செய்தால் தங்கமே கரைந்துபோகும்.

நைட்ரஜனை அம்மோனியாவாக்கியதாகச் சொல்லும் முடிவுகளை நான் எளிதில் நம்புவதில்லை. கிடைப்பது பெரும்பாலும் மிகச் சொற்பம். அவ்வளவு அம்மோனியா காற்றிலும் கையுறையிலும் மூச்சிலும் சவ்விலும் உண்டு. நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் செலுத்தி ஒருமுறை, நைட்ரஜன் இருக்க மின்னோட்டம் இல்லாமல் ஒருமுறை சோதித்தாக வேண்டும். நைட்ரஜன்-15 (எங்கிருந்து வந்த நைட்ரஜன் என்று அடையாளம் காண உதவும் கனமான ஐசோடோப்பு) பயன்படுத்தினால் தீர்ந்தது என்றும் இருந்துவிட முடியாது. அந்த உருளையிலேயே நைட்ரஜன்-15 கொண்ட அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கலந்திருக்கக்கூடும். வாயுவைச் சுத்திகரித்த பிறகே உள்ளே விட வேண்டும். செலுத்திய மின்னூட்டத்துக்கு ஏற்ப விளைபொருள் கூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.