நாய் பிறாண்டும் கதவுக்கு ஒரு தகடு

வன்னியில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு இடியும் தொடங்கினால், விறாந்தையில் படுக்கும் நாய் உள்ளே வரக் கதவைப் பிறாண்டும். எங்கள் முதிரை மரக் கதவின் கீழ்ப்பாதி ஒரே மாரியில் கோடு கோடாகிவிட்டது.

வார்னிஷ் அடித்துப் பார்த்தேன், வீண் செலவு. கடைசியில் கைகொடுத்தது மெல்லிய அலுமினியத் தகடு. நெளித்தகரம் வேண்டாம், தட்டையானதாக வாங்குங்கள். அளவுக்குக் கதவின் உயரத்தைப் பார்க்காதீர்கள். நாய் எழுந்து நின்று பிறாண்டிய மிக உயரமான கீறலைப் பாருங்கள், அதற்கு மேல் 4 அங்குலம் விட்டு வெட்டுங்கள். விளிம்பை அரத்தால் தேய்த்து மழுக்காவிட்டால் நாயின் கால் கிழியும், பிள்ளைகளின் கையும்தான். முதிரையும் பாலையும் வைரம் பாய்ந்த மரங்கள், ஆணி வளையும். முதலில் சிறு துளை போட்டுவிட்டு ஸ்குரூ முடுக்குங்கள். ஈரத்தில் மரம் பருக்கும் என்பதால் தகட்டைக் கதவு நிலையில் உரசாதபடி ஓரங்களில் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பொருத்துங்கள்.

மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய் பூசச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பாவம் அந்தச் சீவன், செய்யாதீர்கள்.

நகத்தை அளவாக வெட்டிவிடுங்கள், உள்ளே இரத்தம் ஓடும் பகுதியைத் தொடாமல். சும்மா உள்ளே வரத்தான் பிறாண்டுகிறது என்றால், அந்த நேரம் திறக்காமல், அது அடங்கிய பிறகு திறவுங்கள். இடிக்குப் பயந்தது என்றால் அது வேறு கதை: உடனே உள்ளே விட்டு, கட்டிலுக்குக் கீழே ஒரு பழைய சாக்கு விரித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்புறம் தகட்டுக்கே வேலை குறைந்துவிட்டது.