பகடி விளம்பரம் செய்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நிறுவனத்தின் நிறம், எழுத்து, வாசகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, விளம்பரம் மறைப்பதை அதன் வாயாலேயே சொல்ல வைப்பது பகடி விளம்பரம். கனடாவின் வான்கூவரில் 1989-ல் தொடங்கிய ஆட்பஸ்டர்ஸ் இதழ் இதை உலகறியச் செய்தது. பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கம் இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, கேலி யார்மேல் விழ வேண்டும் என்பதை.

வாங்குபவர்மேல் விழக்கூடாது. கடலுக்குப் போய் வந்தால்தான் காசு என்னும் வீட்டில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஷாம்பு பாக்கெட்தான் கட்டுப்படியாகும். பெரிய பாட்டிலுக்கு மொத்தப் பணம் வேண்டும். பாக்கெட் வாங்கும் அந்த அக்காவை முட்டாளாகக் காட்டும் போஸ்டர் அந்தத் தெருவில் நிற்காது, நிற்கவும் கூடாது. பல அடுக்குகளை ஒட்டிச் செய்த அந்த உறையைப் பழைய இரும்புக் கடைக்காரர்கூட எடுப்பதில்லை. கழிவைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை 2016-ம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. அதனால் வாசகம் தயாரிப்பாளர் குரலில் வரட்டும்: ‘குளியல் உங்களுக்கு, உறை மன்னார் வளைகுடாவுக்கு.’

அடுத்தது வடிவம். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாருக்கும் பழகியது. ஆமைக்கோ பவளப்பாறைக்கோ அப்படி ஒன்று அடிக்கலாம் என்று உடனே தோன்றும். கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் உள்ள ஊர்களில் தயவுசெய்து அது வேண்டாம். பகடி என்று புரிவதற்குள் படிப்பவருக்கு நெஞ்சு அடைத்துவிடும். ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் வடிவம் இருக்கிறது: ‘ஒன்று வாங்கினால் கடன் ஒன்று இலவசம்!’ சிரித்துக்கொண்டே மாதத் தவணையை நினைப்பார்கள்.

சட்டத்தில் அரைகுறை நம்பிக்கை ஆபத்து. ஒடிசாவின் தம்ரா துறைமுகத்தால் ஆமைகளுக்கு ஆபத்து என்று 2010-ல் கிரீன்பீஸ் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு பகடி இணைய விளையாட்டை வெளியிட்டது. அதில் தன் சின்னத்தைப் பயன்படுத்தியதற்காக டாடா நிறுவனம் தடை கேட்டது. 2011 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. விமர்சனத்துக்காகச் சின்னத்தைப் பயன்படுத்த இது தெம்பு தரும். பொய்த் தகவலுக்கு இது கவசமாகாது. அவதூறு வழக்கு வரும். ஒவ்வொரு கூற்றுக்கும் ஆவணம் கையில் இருக்கட்டும். மூலையில் ‘பகடி’ என்றும் உங்கள் குழுவின் பெயரையும் போடுங்கள். பொது இடத் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் 1959-ம் ஆண்டுத் தமிழகச் சட்டமும் உண்டு. தனியார் சுவர் என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பிளாஸ்டிக்கை எதிர்த்து பி.வி.சி. பிளெக்ஸ் அடிப்பது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். காடா துணி போதும். போஸ்டர் கலர் ஐப்பசி மழையில் வழியும். துணிக்கான அக்ரிலிக் வண்ணம் நிற்கும். நாலு மூலையை மட்டும் கட்டினால் வாடைக்காற்று கிழித்துவிடும். மேலும் கீழும் மடித்துத் தைத்துச் சவுக்குக் கம்பு செருகுங்கள். 3 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க 2.5 செ.மீ. உயர எழுத்து, தெருவுக்கு எதிர்ப்பக்கம் 10 மீட்டர் என்றால் 8 செ.மீ. காகிதம் ஒட்டுவதானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் மைதா போட்டுக் காய்ச்சுங்கள். பூச்சி அரிக்காமலிருக்கச் சேர்க்கும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்காதீர்கள், போஸ்டரைத் தின்னும் ஆடு மாட்டுக்கு அது நஞ்சு.

கட்டுவதற்குமுன் குழுவில் இல்லாத ஐந்து பேரிடம் மூன்று விநாடி காட்டிவிட்டு மறையுங்கள். ‘புது ஆஃபரா?’ என்று இருவர் கேட்டாலும், நீங்கள் அந்த நிறுவனத்துக்கு இலவச விளம்பரம் செய்திருக்கிறீர்கள். சின்னத்தைச் சிறிதாக்கி, மாற்றிய சொல்லைப் பெரிதாக்கி மறுபடி காட்டுங்கள்.